தோல் மருத்துவம் பயில விழையும் மாணவர்க்கு

மருத்துவக் கல்லூரியில் படிக்கும் பிள்ளையைப் பார்த்து, "மேற்படிப்புக்கு எத்துறையை எடுத்துக்கொள்ளப் போகிறாய்?" என்று உறவினர் கேட்பதும், "தோல் மருத்துவம்" என்று விடை வருவதும் இப்பொழுது நம் வீடுகளில் அடிக்கடி நிகழ்கின்றன. விடையைக் கேட்டவர்கள் இரு வகையாகப் பேசுவார்கள். "நல்லதுதான், நள்ளிரவில் யாரும் வந்து கதவைத் தட்டமாட்டார்கள், வருவாய்க்கும் குறைவில்லை" என்பார் ஒருவர். "சொறிக்கும் சிரங்குக்கும் களிம்பு எழுதிக் கொடுக்கவா இத்தனை ஆண்டுப் படிப்பு?" என்பார் மற்றொருவர். முன்னவர் புகழ்கிறார், பின்னவர் இகழ்கிறார். ஆயினும் இருவர் உள்ளத்திலும் இருப்பது ஒரே எண்ணந்தான்: இத்துறை எளியது என்பது. அது எளியதன்று என்பதையும், இத்துறை தமக்கு ஏற்றதா என்பதை மாணவர் முன்கூட்டியே எவ்வாறு ஆராய்ந்துகொள்ளலாம் என்பதையும் இன்று கூற விரும்புகிறேன்.

படிப்பின் முறையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சிப் பணியும் உண்டு. அதன்பின் நாடு முழுவதற்கும் பொதுவாக நடைபெறும் முதுகலை நுழைவுத் தேர்வில் தேறி, மூன்றாண்டு எம்.டி. பட்டத்துக்கோ, தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. பட்டத்துக்கோ சேர வேண்டும். ஆக, எட்டரை ஆண்டுகளுக்குக் குறையாத உழைப்பு. நுழைவுத் தேர்வில் முன்வரிசையில் நிற்போர் போட்டியிட்டுக் கேட்கும் இடங்களுள் இன்று இதுவும் ஒன்று. ஆனால் எம்.பி.பி.எஸ். படிப்பின்போது இத்துறைக்கென ஒதுக்கப்பெறும் காலமோ சில வாரங்களே. அந்தச் சில வாரங்களையும் தேர்வுக்குப் படிக்கும் விடுமுறையாகக் கருதுவோர் உளர். எனவே பெரும்பாலான மாணவர் இத்துறையைக் கண்டு தேர்ந்தெடுப்பதில்லை, கேட்டுத் தேர்ந்தெடுக்கின்றனர்.

பட்டத்தின் முழுப் பெயரைப் படித்தாலே சிலர் வியப்படைவார்கள். தோல் நோய், பால்வினை நோய், தொழுநோய் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அப்படிப்பு. மேகப்புண்ணும் தொழுநோயும் தோலிலேதான் முதலில் முகங்காட்டுகின்றன. ஒன்று மற்றொன்றைப்போல நடித்து ஏமாற்றவும் செய்கின்றன. ஆதலால் இம்மூன்றையும் ஒருவரே கற்பது நம் நாட்டு வழக்கமாயிற்று. அழகு நிலையத்தின் கண்ணாடிக் கதவை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர், அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பகுதியில் அமர்ந்த முதல் நாளே திகைத்துப் போவார்.

இத்துறையின் அடிப்படைக் கருவி கண். இருதய மருத்துவர் மார்பின்மேல் குழலை வைத்து உள்ளே நடப்பதைச் செவியால் ஊகிக்கிறார். தோல் மருத்துவருக்கோ நோய் எதிரே வெட்டவெளிச்சமாக நிற்கிறது. ஆகையால் இது எளிது என்று தோன்றும். உண்மையில் கடினம் அங்கேதான் தொடங்குகிறது. கண்ணெதிரே இருப்பதைப் பார்ப்பதற்குப் பயிற்சி வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரையில் ஐரோப்பிய மருத்துவர்களிடையேயும் இதில் பெருங்குழப்பம் நிலவியது; ஒரே நோய்க்கு ஊருக்கொரு பெயர், ஒரே பெயரில் பத்து நோய்கள். லண்டனில் ஏழைகளுக்கான மருந்தகத்தில் பணியாற்றிய ராபர்ட் வில்லன் என்பவர் ஒரு நல்ல வழி கண்டார். நோயின் பெயரைத் தேடுமுன், தோலில் காண்பது யாது என்பதைச் சொல்லவேண்டும் என்றார். மேலெழும்பாத நிறமாற்றமா, சிறு மேடா, செதிலா, நீர்க்கொப்புளமா, சீழ்க்கொப்புளமா, கட்டியா? இப்படி எட்டு வகுப்புகளாக அவர் பிரித்தார். 1808இல் வெளிவந்த அவருடைய நூலிலுள்ள அம்முறையே, சிற்சில மாறுதல்களுடன், இன்றும் முதல் நாள் பாடமாக இருக்கிறது.

நம் நாட்டு மாணவர்க்கு இதில் மற்றோர் இடரும் உண்டு. பாடநூல்களுள் பல வெள்ளைத் தோலை வைத்து எழுதப்பட்டவை. "சிவந்திருக்கும்" என்று நூல் கூறுகிறது. நம்மவருடைய மாநிறத் தோலிலோ கருந்தோலிலோ அச்சிவப்பு ஊதாவாகவும் சாம்பல் கலந்த கருமையாகவும் தோன்றும். சிலபோது தோன்றவே தோன்றாது, கையால் தொட்டு வெம்மையை உணர்ந்தே அறியவேண்டும். நூலில் உள்ள வண்ணப்படத்தை மனப்பாடம் செய்தவர் நோயாளியின் முதுகைப் பார்த்து விழிப்பார். ஆயிரம் முதுகுகளைப் பார்த்தவரே இதில் தேறுவார்.

நான் மாணவனாக இருந்தபோது நேர்ந்ததொன்றைச் சொல்லுகிறேன். புறநோயாளிப் பகுதிக்கு நடுத்தர வயதுடைய வயல் வேலைக்காரர் ஒருவர் வந்தார். முன்கையில் வெளிறிய திட்டு ஒன்று. இரண்டங்குல அகலம் இருக்கலாம். வலியில்லை, அரிப்பில்லை. இரண்டாண்டுகளாக ஊர்க் கடையில் வாங்கிய களிம்புகளைத் தடவி வந்திருக்கிறார். நான் ஒரு நொடி பார்த்துவிட்டுச் சீட்டில் "தேமல்" என்று எழுதினேன். எங்கள் ஆசிரியர் சீட்டை வாங்கிப் படித்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. "நகத்தால் சற்றுச் சுரண்டு" என்றார். சுரண்டினேன். தேமலாயின் மாவுபோலச் செதில் உதிரவேண்டும், உதிரவில்லை. மேசைமேலிருந்த பஞ்சில் ஓர் இழையைப் பிரித்து என்னிடம் கொடுத்தார். நோயாளியைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லி, இழை படும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டும்படி கூறினேன். நல்ல தோலில் பட்டபோதெல்லாம் சரியாகக் காட்டினார். திட்டின் நடுவே இழை பட்டபோது அசையாமல் உட்கார்ந்திருந்தார். "வைக்கிறீர்களா, இல்லையா ஐயா?" என்று கேட்டார். பின்பு ஆசிரியர் அவருடைய முழங்கையின் உட்புறத்து நரம்பைத் தடவிப் பார்த்து, என் விரலையும் அங்கே வைத்தார். கயிறுபோலத் தடித்திருந்தது.

தொழுநோய்தான். நான் எழுதிய சீட்டோடு அவர் வீடு திரும்பியிருந்தால், அந்த நரம்பு மேலும் நைந்து, சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கி, கதிர் அரிவாளைப் பற்ற முடியாத நிலைக்கு அக்கை வந்திருக்கக்கூடும். அந்தப் பஞ்சிழைக்கு விலை உண்டா?

தொழுநோய் இந்நாட்டிலிருந்து போய்விட்டது என்று படித்தவர்களே இன்று சொல்லுகிறார்கள். ஓரளவு அதற்குக் காரணமும் உண்டு. நோய்க்கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். ஆயினும் பயனுள்ள மருந்து கிடைக்க மேலும் எழுபது ஆண்டுகள் ஆயின. 1940களில் செங்கற்பட்டில் ராபர்ட் காக்ரேன் டாப்சோன் மருந்தைக் கையாண்டார். அக்காலத்திலேயே வேலூரில் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயாளியின் விரல்கள் அழுகி விழுவதில்லை, வலி உணராமையால் சூடும் காயமும் பட்டே அழிகின்றன என்பதை எடுத்துக்காட்டி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை முறையை வளர்த்தார். 1981இல் உலக சுகாதார நிறுவனம் ரிஃபாம்பிசின், டாப்சோன், க்ளோஃபசிமின் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. 2005ஆம் ஆண்டின் இறுதியில், பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் நிலையை இந்தியா எட்டியது.

"ஒழிப்பு" என்று அதற்குச் சூட்டிய பெயர்தான் மயக்கத்துக்குக் காரணம். இன்றும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேருக்கு இந்நாட்டில் இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. உலகில் புதிதாகக் காணப்படுவோருள் பாதிக்கு மேற்பட்டவர்கள் நம்மவர்களே. இக்கிருமியைச் சோதனைக் குழாயில் வளர்க்கும் வித்தை இன்றுவரை யாருக்கும் கைகூடவில்லை. நோய் அருகிவிட்டது என்ற எண்ணத்தில் மாணவர்கள் பஞ்சிழையை எடுக்க மறக்கும்போது, நோயாளி நான்கு மருத்துவர்களைக் கடந்து, கை மடங்கிய பின்னர் ஐந்தாமவரிடம் வந்து சேருகிறார். தோல் மருத்துவம் பயில்வோர் இந்நாட்டில் ஏற்கும் முதற் பொறுப்பு இது என்பது என் கருத்து.

கண்ணின் பயிற்சி ஒரு நோயாளியின் கையைக் காத்ததைச் சொன்னேன். ஒரு மாநிலத்தின் குடிநீரையே அது சோதிக்க வைத்த வரலாறும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் கல்கத்தாவிலுள்ள வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் கே. சி. சாஹா. மேற்கு வங்கக் கிராமங்களிலிருந்து வந்த சிலருடைய உடலில், புழுதி படிந்த தரையில் மழைத்துளி விழுந்தாற்போலக் கரும்புள்ளிகளும் வெண்புள்ளிகளும் கலந்து காணப்பட்டன. உள்ளங்கைகளிலும் உள்ளங்கால்களிலும் தோல் தடித்து, ஆணிபோல முடிச்சு முடிச்சாக எழும்பியிருந்தது. இத்தகையோரை ஊரார் தொழுநோயாளிகள் என்று எண்ணி ஒதுக்கியதும் உண்டு. பாடநூலில் இத்தகைய தோலுக்கு ஒரு காரணம் எழுதியிருக்கிறது: ஆர்சனிக் என்னும் பாஷாணம் நெடுங்காலம் சிறிது சிறிதாக உடலிற் சேர்தல். ஏழைக் குடியானவர்களுக்குப் பாஷாணம் ஏது? இக்கேள்வியைச் சாஹா விடவில்லை. ஒரே ஊர், ஒரே குடும்பம், ஒரே கிணறு என்று தொடர்ந்து சென்றபோது, குழாய்க் கிணற்று நீரில் அது கலந்திருப்பது தெரியவந்தது. 1984இல் தம் முடிவை அவர் வெளியிட்டார்.

அதன்பின் வங்கத்தின் பல மாவட்டங்களிலும், பின்னர் வங்காளதேசத்திலும், கங்கைச் சமவெளியின் பிற இடங்களிலும் கிணறுகள் சோதிக்கப்பட்டன. கோடிக்கணக்கானோர் அந்நீரைக் குடித்து வந்தது புலனாயிற்று. ஒரு லிட்டர் நீரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு; அதைப் பன்மடங்கு மிஞ்சிய கிணறுகள் பல. வாந்திபேதியைத் தவிர்ப்பதற்காக, குளத்து நீருக்கு மாற்றாகத் தோண்டிக் கொடுத்த கிணறுகள் அவை என்பதை எண்ணும்போது மனம் கசக்கிறது. நீரில் நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. முதற் சான்று மனிதருடைய உள்ளங்கையில்தான் இருந்தது.

இதே பள்ளி நகரில், 1922இல், உபேந்திரநாத் பிரம்மச்சாரி மற்றொன்றைக் கண்டார். காலா-அஜார் என்னும் கருங்காய்ச்சலிலிருந்து குணமடைந்தோர் சிலருக்குப் பின்னர்த் தோலில் வெளிறிய திட்டுகளும் சிறு முடிச்சுகளும் எழுகின்றன என்று அவர் விவரித்தார். அவர்கள் நலமாக நடமாடுகிறார்கள். ஆனால் அத்தோலில் ஒட்டுண்ணி உயிரோடிருந்து, மணல் ஈயின் வாயிலாக மற்றவரைச் சேரக்கூடும். பீகாரிலும் வங்காளத்திலும் பணியாற்றப் போகும் மாணவர் இதை அறியாமலிருக்க முடியாது. இதுவும் தொழுநோயைப்போலவே தோன்றும்; ஆயினும் திட்டில் உணர்ச்சி குன்றுவதில்லை. மீண்டும் அதே பஞ்சிழை.

இனி, நாள்தோறும் வரும் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இன்று நாட்டின் எந்த மூலையிலும் தோல் மருத்துவர் காண்பதில் பெரும்பங்கு படர்தாமரை. முன்பெல்லாம் சில வாரக் களிம்பில் மறைந்த நோய் அது. இப்போது மாதக்கணக்கில் நீடிக்கிறது; குடும்பம் முழுவதையும் பற்றுகிறது. காரணங்களுள் ஒன்று நம் கடைத்தெருவிலேயே இருக்கிறது. கடுமையான ஸ்டீராய்டையும் பூஞ்சைக்கொல்லியையும் கிருமிக்கொல்லியையும் ஒன்றாகக் கலந்த களிம்புகள் எங்கும் எளிதில் கிடைக்கின்றன. தடவிய இரவே அரிப்பு அடங்குகிறது. பூஞ்சையோ அடங்குவதில்லை, தடையின்றிப் பரவுகிறது. பூஞ்சைக்கொல்லி மருந்துக்குக் கட்டுப்படாத பூஞ்சையினம் ஒன்றுக்கு, இந்தியா, நேபாளம் ஆகிய நாட்டவரிடமிருந்து எடுத்த மாதிரிகளை ஆராய்ந்து, 2020இல் ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று பெயரிட்டனர். நம் நாட்டின் பெயரைத் தாங்கி அது இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உலவுகிறது, பெருமைப்படத்தக்க செய்தியன்று.

முகம் வெளுக்கும் என்று நம்பி அதே வகைக் களிம்பை ஆண்டுக்கணக்கில் பூசிவரும் இளம்பெண்களும் வருகிறார்கள். தோல் மெலிந்து, வெயில் பட்டால் எரிந்து, சிறு இரத்தக் குழாய்கள் வெளித்தெரிய, களிம்பை நிறுத்தினால் முகம் வீங்கிச் சிவக்கும் நிலையில் வருவார்கள். இக்களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018இல் மத்திய அரசு விதித்தது. விதி தாளில் இருக்கிறது. அதற்கு உயிர் கொடுப்பது பெரும்பாலும், நோயாளியிடம் பத்து நிமிடம் பொறுமையாகப் பேசும் மருத்துவரின் வேலையாகவே இருக்கிறது.

இரவில் யாரும் எழுப்பமாட்டார்கள் என்ற பேச்சுக்கு வருகிறேன். பெம்ஃபிகஸ் என்றொரு நோய் உண்டு. உடலைக் காக்கும் ஆற்றலே திசைமாறித் தோலின் அணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் பசையைத் தாக்கிவிடுகிறது. வாயெல்லாம் புண், உடலெல்லாம் கொப்புளம். தீப்புண் பட்டவரைப்போலத் தோல் உரிந்து கிடப்பார். ஸ்டீராய்டு மருந்துகள் வருவதற்கு முன் இந்நோய் கண்டவர் பிழைப்பது அரிது. டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் ஜே. எஸ். பஸ்ரிச்சா 1980களில் ஒரு சிகிச்சை முறையை வகுத்தார். நாள்தோறும் மாத்திரை என்பதை மாற்றி, 28 நாளைக்கு ஒருமுறை தொடர்ந்து மூன்று நாள் மருந்தை நரம்பில் ஏற்றுவது அது. எத்தனையோ பேர் அதனால் பிழைத்தனர். இப்பொழுது ரிடுக்ஸிமாப் போன்ற புது மருந்துகளும் வந்துள்ளன. மாத்திரை ஒவ்வாமையால் உடல் முழுதும் தோல் கழலும் நோயாளியும் இப்பகுதியில்தான் படுத்திருப்பார். அவருக்கு உப்பும் நீரும் எவ்வளவு சேர்கின்றன, கண்ணில் புண் பரவுகிறதா என்று இரவு இரண்டு மணிக்குப் பார்க்கவேண்டியவர் எம்.டி. மாணவரே.

உடலைக்காட்டிலும் உள்ளம் புண்பட்டு வருவோர் இத்துறையில் மிகுதி. வெண்புள்ளி உயிரைப் போக்குவதில்லை, தொற்றுவதுமில்லை. நிறம் தரும் அணுக்கள் அழிவதால் வருவது. ஆனால் தமிழில் நெடுங்காலம் அதை "வெண்குட்டம்" என்றே வழங்கினோம். குட்டம் என்பது தொழுநோயின் பெயர்; அப்பெயரால் எத்தனை திருமணங்கள் நின்றனவோ! தொழுநோயாளிகளுக்கெனத் தனியே 1898இல் இயற்றப்பட்ட சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கோரலாம் என்றிருந்த விதி 2019இல்தான் அகன்றது. சட்டம் மாறிவிட்டது, ஊர் வழக்கம் மெல்லத்தான் மாறுகிறது. ஆகவே, நோயாளியின் கையைக் கையுறையின்றிப் பற்றிப் பார்ப்பதும் சில நேரங்களில் சிகிச்சையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. கொப்புளமும் கசிவும் இருக்குமிடத்தில் கையுறை அணிவது முறைமை. தேவையற்ற இடத்தில் அணிவது அவரை மீண்டும் ஒதுக்குவதாகும்.

அழகு மருத்துவத்தைப் பற்றி ஒரு சொல். லேசர் ஒளி, முடி நடுதல் முதலியன தவறான தொழில்களல்ல. முகத்துத் தழும்பால் வெளியே வரக் கூசிய பெண் நிமிர்ந்து நடப்பதை நானும் கண்டிருக்கிறேன். ஆயினும், கருப்பு நிறத்தை நோயென்று சொல்லி மருந்து விற்பது மருத்துவமன்று. பெருந்தொகை கொடுத்துத் தனியார் கல்லூரியில் இடம் பெற்றவர், அத்தொகையை மீட்கும் அவசரத்தில் அப்பக்கம் சாய்வது இயல்பு. அதைத் தந்தையரும் தாயரும் பணம் கட்டுமுன் எண்ணிப் பார்ப்பது நலம்.

இத்துறை தமக்கு ஏற்றதா என்பதை மாணவர் எப்படி அறிவது? இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ, ஒரு மாத காலம், வாரத்தில் இரண்டு காலைகள் அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பகுதிக்குச் செல்லுங்கள். ஆசிரியரிடம் முன்னரே சொல்லி இசைவு பெறுங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு இடந்தருவர். ஒரு சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியும், ஒரு குறிப்பேடும், சிறிது பஞ்சும் போதும். நோயின் பெயரை எழுதாதீர்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: எந்த இடம், எவ்வளவு அகலம், என்ன நிறம், ஓரம் தெளிவா மங்கலா, செதில் உண்டா, தொட்டால் எப்படி, எங்கே இல்லை. எங்கே இல்லை என்பது எங்கே இருக்கிறது என்பதற்கு நிகரான செய்தி. பிறகு ஆசிரியர் பெயர் சொல்லும்போது உங்கள் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். நோயாளியின் படத்தைக் கைப்பேசியில் எடுக்க விரும்பினால் அவருடைய இசைவைக் கேளுங்கள். கேட்காமல் எடுத்த படம் திருட்டே.

அடுத்தபடியாக நுண்பெருக்கி அறைக்குச் செல்லுங்கள். சுரண்டிய செதிலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு, பூஞ்சை இழைகள் கிளைவிட்டு ஓடுவதை உங்கள் கண்ணாலேயே ஒருமுறை பார்த்துவிட்டால், படர்தாமரையை மறுபடி அற்பமாக எண்ணமாட்டீர்கள். வாய்ப்பு உண்டாயின் தசைத்துண்டுச் சோதனை நடக்கும் இடத்துக்கும் போங்கள். தோல் மருத்துவருள் சிறந்தவர் பலர் நுண்பெருக்கியிலும் வல்லவராக இருப்பதன் காரணம் அங்கே விளங்கும்.

நாற்பதாவது நோயாளிக்கும் முதல் நோயாளிக்கு அளித்த கவனத்தை உங்களால் அளிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாமல் சலிப்பு வந்தால் வெட்கப்பட வேண்டாம். மருத்துவத்தில் வேறு துறைகள் பல உண்டு. குறிப்பேடு நிறைந்தும், இன்னொன்று வாங்க வேண்டும் என்று தோன்றினால் ஆசிரியரிடம் சென்று பேசுங்கள்.

என் சீட்டில் "தேமல்" என்று எழுதப்பட்ட அந்த வயல் வேலைக்காரர் கூட்டு மருந்தை மாதந்தோறும் வந்து இலவசமாகப் பெற்றுச் சென்றார். வரும்போதெல்லாம் ஆசிரியர் அவர் முன்னே ஒரு காகிதத்தை நீட்டி, இரு விரல்களுக்கிடையே இறுகப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை இழுப்பார். விரல்களின் வலிமை குறைகிறதா என்று அறியும் சோதனை அது. கடைசி மாதம் இழுத்தபோது காகிதம் கிழிந்தது. அவர் பிடி விடவில்லை.